படிப்பகத்து வைஃபைக்கு ஒரு கணக்கு நோட்டு: ஃப்ரீரேடியஸ் அமைக்கும் முறை

காசிமேட்டில் எங்கள் தெருப் படிப்பகத்தில் வைஃபை பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒட்டியது. ஒரே மாதத்தில் அது துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்களின் கைப்பேசி வரை போய்விட்டது. மாற்றினோம், மறுநாளே அதுவும் தெருவுக்குத் தெரிந்தது. ஒரே சாவியை நாற்பது பேரிடம் கொடுத்தால் பூட்டு எதற்கு?

ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட், யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்ற கணக்கு. இந்த மூன்றையும் ஓர் இடத்தில் வைத்துக்கொள்வதுதான் ரேடியஸ் சர்வர். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குள் நுழைந்த காலத்தில், 1991-ல், லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம் உருவாக்கிய முறை இது. அதன் இலவச வடிவமான ஃப்ரீரேடியஸ் 1999-ல் தொடங்கியது. நாம் அமைக்கப்போவது அதைத்தான்.

வேலை எப்படி நடக்கிறது என்பதை அறிய ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டைக் காட்டுகிறீர்கள்: நீங்கள் யார் என்பது உறுதியாகிறது. உங்கள் கார்டுக்கு எத்தனை கிலோ அரிசி என்று இயந்திரம் சொல்கிறது: அது உரிமை. வாங்கியதும் பதிவாகிறது: அது கணக்கு. கடையில் இருக்கும் இயந்திரம் எதையும் தானாக முடிவு செய்வதில்லை. எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுச் சொல்கிறது. நம் ரௌட்டர்தான் அந்தக் கடை இயந்திரம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: நிறுவுதல்

மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் போதும். அதில் உபுண்டு சர்வர் என்ற இலவச இயங்குதளம் இருக்கட்டும். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃப்ரீரேடியஸ்' என்று கொடுத்தால் நிறுவப்பட்டுவிடும். கூடவே தானாக ஓடவும் தொடங்கிவிடும், அதை 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் ஃப்ரீரேடியஸ்' கொடுத்து நிறுத்துங்கள். பிறகு 'சூடோ ஃப்ரீரேடியஸ் -எக்ஸ்' என்று பெரிய எக்ஸ் எழுத்துடன் ஓட்டுங்கள். திரை முழுக்க வரிகள் ஓடும்; பயப்பட வேண்டாம். கடைசி வரி கோரிக்கைகளுக்குத் தயார் என்று சொன்னால் போதும். புதியவர்கள் இந்த -எக்ஸ் முறையை விட்டுவிட்டுக் கூகுளில் தேடி அலைகிறார்கள். உங்கள் தவறு என்ன என்பது அந்தத் திரையிலேயே எழுதப்பட்டிருக்கும்.

படி 2: முதல் பயனர்

ஃப்ரீரேடியஸ் கோப்புறைக்குள் 'மாட்ஸ்-கான்ஃபிக்', அதற்குள் 'ஃபைல்ஸ்', அதற்குள் 'ஆத்தரைஸ்' என்ற கோப்பு இருக்கும். அதன் உச்சியில் பயனர் பெயரையும், அதே வரியில் 'கிளியர்டெக்ஸ்ட்-பாஸ்வேர்ட் :=' என்று போட்டு மேற்கோளுக்குள் பாஸ்வேர்டையும் எழுதுங்கள். முதல் வரியில் இருப்பவை நுழைகிறவரைச் சரிபார்ப்பதற்கானவை; அடுத்த வரிகளில் இருப்பவை ரௌட்டருக்கு அனுப்பும் பதில். அடுத்த வரியை இடம் விட்டுத் தொடங்கி 'செஷன்-டைம்அவுட் := 7200' என்று எழுதினால், இரண்டு மணி நேரத்தில் ரௌட்டர் அவரை வெளியேற்றிவிடும். இடம் விட மறந்தால் அந்த வரியைப் புதிய பயனர் என்று எண்ணிச் சர்வர் குழம்பும்.

பாஸ்வேர்ட் அப்படியே படிக்கும்படி கிடக்கிறதே என்று தோன்றுகிறதா? உண்மைதான். ஆகவே வங்கிக்கு வைத்திருக்கும் பாஸ்வேர்டை இங்கே தர வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

சர்வரை நிறுத்தி மீண்டும் -எக்ஸ் உடன் ஓட்டுங்கள். இன்னொரு டெர்மினலில் 'ரேட்டெஸ்ட்', பயனர் பெயர், பாஸ்வேர்ட், 'லோக்கல்ஹோஸ்ட்' (இதே கணினி), 0, 'டெஸ்டிங்123' (சோதனைக்காகக் கூடவே வரும் ரகசியச் சொல்) என்று வரிசையாகக் கொடுங்கள். 'ஆக்சஸ்-அக்செப்ட்' என்று பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 'ஆக்சஸ்-ரிஜெக்ட்' வந்தால் -எக்ஸ் திரையைப் பாருங்கள்.

படி 3: ரௌட்டரை அறிமுகப்படுத்துதல்

சர்வர் முன்பின் தெரியாதவர்களிடம் பேசாது. 'கிளையன்ட்ஸ்' கோப்பில் ரௌட்டரின் ஐபி முகவரியையும், இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லையும் எழுதுங்கள். அதே சொல்லை ரௌட்டரின் ரேடியஸ் பக்கத்திலும் இடுங்கள். 'டெஸ்டிங்123' என்பதை ஊருக்கே தெரியும், அதை வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் சொல் ஒத்துப்போகாவிட்டால், திரையில் பாஸ்வேர்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிறுக்கல் எழுத்துகள் தெரியலாம், அல்லது ரகசியச் சொல் தவறு என்று திரையே சொல்லும்.

ரேடியஸின் பழைய பாதுகாப்பு எம்டி5 என்ற முறையைச் சார்ந்தது. அதிலுள்ள ஓட்டையை 2024-ல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஆகவே புதிய பதிப்பையே நிறுவி, செய்தியை வழியில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் 'மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர்' கட்டாயம் என்ற அமைப்பை இயக்கி வையுங்கள்.

ரௌட்டரில் உள்நுழைவுப் பக்கம் காட்டும் ஹாட்ஸ்பாட் முறையைத் தேர்ந்தெடுங்கள். சான்றிதழ் கேட்கும் முறைகள் இப்போதைக்கு வேண்டாம்.

படி 4: கணக்கு

அடையாளம் கேட்கும் செய்தி 1812 போர்ட் வழியாகவும், கணக்குச் செய்தி 1813 வழியாகவும் போகும். முதலாவதை மட்டும் திறந்துவிட்டு, 'எல்லாரும் நுழைகிறார்கள், கணக்கு மட்டும் வரவில்லை' என்று நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

ஒருவர் நுழைந்ததும் ரௌட்டர் 'ஸ்டார்ட்' அனுப்பும், வெளியேறியதும் 'ஸ்டாப்', நடுவில் 'இன்டரிம்' என்ற இடைக்காலச் செய்தி. இந்த இடைவெளி 60 விநாடிக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. நான் 600 வைத்திருக்கிறேன்.

பதிவில் 'இன்புட்', 'அவுட்புட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். இவை ரௌட்டரின் பார்வையில் எழுதப்படுபவை. பயனரிடமிருந்து ரௌட்டருக்குள் வந்தது இன்புட், அதாவது அவர் ஏற்றியது. அவர் இறக்கியது அவுட்புட். இது தெரியாமல், இவ்வளவு கோப்புகளை எங்கே அனுப்பினாய் என்று ஒரு தம்பியைக் கடிந்துகொண்டேன். பாவம், அவன் பழைய வினாத்தாள்களையும் வகுப்புக் காணொளிகளையும் இறக்கியிருக்கிறான். இன்னொன்று: இந்த எண் 4 ஜிபியைத் தொட்டதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். எத்தனை முறை திரும்பியது என்பதை 'கிகாவேர்ட்ஸ்' என்ற தனி எண் சொல்லும். இரண்டையும் சேர்த்தே கூட்டுங்கள்.

தொடக்கத்தில் இவை நாள்வாரியாக ஒரு பதிவுக் கோப்பில் சேரும். பத்துப் பேருக்கு அது போதும். அதற்கு மேல் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தை இணைத்துவிடுங்கள். அட்டவணைகள் ஃப்ரீரேடியஸோடு தயாராகவே வருகின்றன. கணக்குக்கான அட்டவணை 'ரேட்அக்ட்'. கிகாவேர்ட்ஸ் கூட்டலையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

படி 5: கரன்ட் போனால்

ஒரு பெயரில் ஒருவர்தான் நுழையலாம் என்று 'சைமல்டேனியஸ்-யூஸ் := 1' வைத்தேன். 'ரேட்அக்ட்' அட்டவணையில் முடிவு நேரம் எழுதப்படாத வரி இருந்தால், அவர் உள்ளே இருக்கிறார் என்று சர்வர் முடிவு செய்யும். நன்றாக ஓடியது, ஒரு மழை நாள் மாலை கரன்ட் போகும் வரை. ரௌட்டர் அணைந்தது, ஸ்டாப் அனுப்ப அதற்கு நேரமில்லை. கரன்ட் வந்தபின் பதினைந்து பேரும் வாசலில் நிற்கிறார்கள்; சர்வரோ அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதாகச் சாதிக்கிறது.

சில ரௌட்டர்கள் எழுந்ததும் 'அக்கவுன்டிங்-ஆன்' என்ற செய்தி அனுப்பும். அதைக் கண்டு சர்வர் பழைய வரிகளை மூடிவிடும். எங்கள் ரௌட்டரிடமிருந்து அது வரவில்லை. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு சிறு கட்டளை எழுதினேன்: முடிவு நேரம் இல்லாமல், கடைசி இடைக்காலச் செய்தி வந்து 30 நிமிடம் தாண்டிய வரிகளுக்கு, அந்தக் கடைசிச் செய்தியின் நேரத்தையே முடிவு நேரமாக எழுதிவிடு. இடைக்காலச் செய்தியை இயக்காதவர்களுக்கு இந்த வழி உதவாது. மூன்று செய்தி தவறும் வரை பொறுப்பதற்காகத்தான் 30 நிமிடம். அதைவிடக் குறைத்தால் உள்ளே உட்கார்ந்து படிப்பவரின் கணக்கையே மூடிவிடுவீர்கள்.

எல்லாம் சரியானதும் -எக்ஸ் திரையை மூடிவிட்டு 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் ஃப்ரீரேடியஸ்' கொடுங்கள். பிறகு சுவரில் இருக்கும் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள்.