ஹட்சன் நதி மேல் முதல்முறை விமானம் ஓட்டப் போகிறீர்களா?

நியூயார்க்கைச் சுற்றி ஜே.எஃப்.கே., லா கார்டியா, நியூவார்க் என்று மூன்று பெரிய விமான நிலையங்கள். அவற்றுக்கான ‘கிளாஸ் பி’ வான்வெளியில் விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலரின் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. ஆனால் ஹட்சன் நதிக்கு மேலே, 1,300 அடிக்குக் கீழே, ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்கள். அங்கே அனுமதி கேட்க வேண்டாம். அதே காரணத்தால், உங்களை மற்ற விமானங்களிடமிருந்து பிரித்து வைக்கவும் யாரும் இல்லை. உங்கள் கண்ணும் ரேடியோவும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

1. நியூயார்க் டெர்மினல் ஏரியா சார்ட்டின் (பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளியின் வரைபடம்) நடப்புப் பதிப்பு விமானத்தில் இருக்க வேண்டும். இது விதி. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் இணையப் பயிற்சி ஒன்றும் இருக்கிறது, முடித்துவிட்டே கிளம்புங்கள்.

2. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைச் சரியாக வையுங்கள். கடந்து போகிறவர்களுக்கு 1,000 அடி முதல் 1,300-க்குச் சற்றுக் கீழ் வரை. சுற்றிப் பார்க்கிறவர்களும் ஹெலிகாப்டர்களும் பெரும்பாலும் அதற்கும் கீழே. உங்களுக்குக் கிடைப்பது வெறும் 300 அடி. உண்மையான காற்றழுத்தம் 30.02 அங்குலம் (பாதரச அளவில்), கருவியில் 29.92 என்று வைத்துக்கொள்ளுங்கள்: முள் 1,250 காட்டும், நீங்களோ 1,350-இல், கிளாஸ் பி-க்குள் இருப்பீர்கள். நான் 1,100-ஐத்தான் பரிந்துரைப்பேன்.

3. நுழைவதற்கு முன்பே வேகத்தை 140 நாட்ஸுக்குள் (மணிக்கு சுமார் 260 கி.மீ.) கொண்டுவாருங்கள். எல்லா விளக்குகளையும் போடுங்கள்.

4. ரேடியோவை 123.05 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றி, பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் கேளுங்கள். யார் எங்கே வருகிறார்கள் என்று மனதில் படம் விழட்டும். வடக்கிலிருந்து வந்தால் அறிவிக்க வேண்டிய இடங்கள்: ஆல்பைன் டவர், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், இன்ட்ரெபிட் கப்பல், ஜெர்சி சிட்டி கரையின் பெரிய கடிகாரம், சுதந்திர தேவி சிலை, வெரசானோ பாலம். ஒவ்வொன்றிலும் விமான வகை, இடம், திசை, உயரம்: “வெள்ளை செஸ்னா, ஜார்ஜ் வாஷிங்டன் பிரிட்ஜ், சவுத்பவுண்ட், 1,100.” அவ்வளவுதான். பதிவு எண்ணைவிட நிறம்தான் உதவும். எதிரே வருபவர் தேடுவது ஒரு வெள்ளை விமானத்தை.

5. உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும் கரையை ஒட்டியே பறங்கள். தெற்கே போனால் மேற்குக் கரை, வடக்கே போனால் கிழக்குக் கரை.

இந்த ஒழுங்கில் பல 2009-க்கு முன் கட்டாயமாக இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று இதே நதிக்கு மேல் ஒரு சிறு விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். நவம்பரில் புதிய விதிகள் வந்தன. அதனால், படம் எடுக்கும் ஆசை இருந்தால் கேமராவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வெளியே பாருங்கள்.

6. வெரசானோவைத் தாண்டியதும் உடனே ஏறாதீர்கள். தலைக்கு மேலே கிளாஸ் பி எத்தனை அடியில் தொடங்குகிறது என்று சார்ட்டில் பார்த்த பிறகு, அப்புறம் ஏறுங்கள்.