நம் மாவட்டச் செய்தி ஒன்றை ஆய்வாளர் கண்ணோடு படிப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு வரும்போதே கருத்தோடுதான் வருவார்கள். மீனவர் பிரச்சினை, நான்குவழிச் சாலை, கேரளாவுக்குப் போகும் கல் லாரி, மதம் என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அதில் தப்பே இல்லை. கருத்து இருக்கிற பிள்ளைக்குத்தான் அதைச் சோதிக்கக் கற்றுக்கொடுக்க முடியும். நான் வகுப்பில் செய்யச் சொல்வதை இங்கே எழுதுகிறேன். கல்லூரிப் பக்கம் போகாதவர்களும் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் ஒரே ஓர் எண்ணை எடுங்கள். 'வளர்ச்சி', 'சமூக மாற்றம்' என்று பெரிதாக எடுத்தால் ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். நான் கொடுக்கும் எண் 82. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் நமக்கு. கோயம்புத்தூரே பின்னால்தான் நிற்கிறது.

அடுத்து, அந்த எண்ணை எந்த விதியை வைத்து எண்ணினார்கள் என்று தேடுங்கள். இந்த வேலையின் உயிர்நிலை இதுதான். கணக்கெடுப்பில் ஓர் ஊர் நகரமாக இரண்டு வழி உண்டு. அரசு அதை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று ஏதாவது ஒன்றாக அறிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே 5,000 பேராவது இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும், வருடத்தில் ஆறு மாதமாவது வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயமல்லாத தொழில் செய்ய வேண்டும். முதல் வழியில் வரும் ஊருக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அரசாணை ஒன்று போதும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 2011-இல் நாகர்கோவிலில் சுமார் 2.25 லட்சம் பேர். குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை நகராட்சிகளையும் சேர்த்தால்கூட மூன்று லட்சம் எட்டாது. நகரவாசிகள் என்று எண்ணப்பட்டவர்களோ 15 லட்சத்துக்கும் மேல். மிச்சம் எங்கிருந்து வந்தது? இந்தச் சின்ன மாவட்டத்தில் அப்போது கிராம ஊராட்சிகள் 95, பேரூராட்சிகள் 50-க்கும் மேல். கடையால், பொன்மனை, திற்பரப்பு எல்லாம் கணக்கில் நகரம்தான். 2004-இல் தமிழக அரசு பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. 2006-இல் மறுபடி பேரூராட்சியாக்கியது. அந்த இரண்டு வருடத்தில் திற்பரப்பில் ஒரு தென்னையும் இடம் மாறவில்லை.

சரி, அப்படியானால் 82 பொய்யா? அங்கேயும் அவசரப்பட வேண்டாம். எல்லை தாண்டி ஒப்பிடுங்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும், பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள். வீட்டைச் சுற்றித் தோட்டம், அதை ஒட்டி அடுத்த வீடு என்று விளைவிளையாகப் பரவி வாழும் முறை இரண்டு பக்கமும் ஒன்றுதான். மார்த்தாண்டத்திலிருந்து கருங்கலுக்குப் பஸ்ஸில் போகிறவருக்கு எந்த ஊர் எங்கே முடிகிறது என்றே தெரியாது. கேரளாவில் பேரூராட்சி என்ற அடுக்கு இல்லை. அதனால் களியக்காவிளை பேரூராட்சி, அதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாறசாலை கிராம ஊராட்சி. ஆக, நெருக்கமாக வாழ்கிறோம் என்பது உண்மை. அந்த நெருக்கத்துக்கு எந்தப் பெயர் என்பது சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் எடுத்த முடிவு.

இதற்கு அப்புறம்தான் களத்துக்குப் போக வேண்டும். பிள்ளைகளைத் திற்பரப்புப் பக்கம் கூட்டிப்போனபோது, கொடியில் ரப்பர் ஷீட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரிடம் பேசினோம். மழைக்காலத்தில் வெட்டு நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். "நமக்கு நூறு நாள் வேலையும் கிடையாது மக்ளே, இது பேரூராட்சி" என்றார். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நூறு நாள் வேலை கிராமப்புறத்துக்குத்தான் வந்தது. நகரம் என்ற முத்திரை அவர் வீட்டு அடுப்புவரை போய்விட்டது என்பதை எந்த அட்டவணையும் அவளுக்குச் சொல்லியிருக்காது. ஒருவரோடு நிறுத்தாதீர்கள். பேரூராட்சி ஆனதால் தெருவிளக்கும் சாலையும் வந்தது என்று சொல்லும் கடைக்காரரும் அங்கேயே இருப்பார். அவரையும் எழுதுங்கள்.

ஆறாத விஷயங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒக்கி புயலில் காணாமல்போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் மீனவர் தரப்புக் கணக்கும் பல நாள் ஒத்துப்போகவில்லை. யாரிடம் புகார் பதிவானது, யார் வீடுவீடாகக் கேட்டார்கள் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காடு கலவரம் பற்றி எழுதினால், அதை விசாரித்த வேணுகோபால் ஆணையத்தின் அறிக்கையில் ஆரம்பியுங்கள், ஆனால் அதோடு முடிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எந்த இடத்திலும் ஆதாரமாக வைக்காதீர்கள். இந்த மாவட்டத்தில் அதற்கு மனிதர்கள் விலை கொடுக்க நேரிடும்.

எழுதும்போது ஒரு பக்கம் போதும். எண், அதன் விதி, நீங்கள் கண்டது, உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கும் சான்று. அந்த நான்காவது இல்லாத தாளை நான் திருத்துவதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் 2011-இன் கன்னியாகுமரி மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கி, உங்கள் ஊருக்கான பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது எண் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, 2011-இல் இருந்த அதே எல்லைதானா இப்போதும் உங்கள் ஊருக்கு என்பது.