எதிராளி உங்கள் போக்கர் ஆட்டத்தைப் படித்துவிடுகிறாரா? கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

போக்கரில் ஒரு வகையான டெக்ஸஸ் ஹோல்டெம் ஆடத் தொடங்கும் பலரும் ஒரே மாதிரிதான் ஆடுகிறார்கள். நல்ல சீட்டு வந்தால் ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது), சுமாராக இருந்தால் கால் (எதிராளி போட்ட அளவுக்கே போடுவது), மற்றதெல்லாம் ஃபோல்ட் (சீட்டைக் கைவிடுவது). மேசையில் உள்ளவர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் ரெய்ஸ் செய்தாலே எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள், நல்ல கை வந்தும் பெரிதாக எதுவும் கிடைக்காது. நம் சீட்டு நமக்குத் தெரியும் என்பதால், வெளியே எப்படித் தெரிகிறோம் என்பது நமக்குப் புரிவதில்லை. நம்மைவிட நன்றாக ஆடும் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

படி 1: நீங்கள் ஆடிய மூன்று நான்கு கைகளை, அதாவது சுற்றுகளை, தேர்ந்தெடுங்கள். ஏஸ் ஜோடி வைத்தும் தோற்ற கதை வேண்டாம், அதில் கற்க அதிகம் இல்லை. காலா, ரெய்ஸா என்று தயங்கிய கைகளும், எதிர்க்காமல் விட்டுக்கொடுத்த கைகளுமே உதவும்.

படி 2: பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகை) அளவு, நீங்கள் உட்கார்ந்திருந்த இடம், இருவரிடமும் இருந்த சிப்ஸ், ஃப்ளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) ஒவ்வொன்றிலும் பாட் (நடுவில் சேர்ந்த மொத்தத் தொகை) எவ்வளவு, யார் என்ன செய்தார்கள் என எல்லாவற்றையும் எழுதுங்கள்.

படி 3: உங்கள் இரண்டு சீட்டுகளையும் முடிவையும் மறைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்தப் படிதான் உயிர்நாடி. முடிவு தெரிந்தால், ஜெயித்த ஆட்டமெல்லாம் சரியான ஆட்டமாகத் தோன்றும். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, “இப்போது என் கையில் என்னென்ன இருக்கலாம்?” என்று அந்த நல்ல ஆட்டக்காரரிடம் கேளுங்கள். கைக்குக் கை டர்னுக்குள்ளேயே அவர் சரியாகச் சொல்லிவிட்டால், எந்த நகர்வு காட்டிக்கொடுத்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். உதாரணமாக, பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடம்) ஸ்பேடு ஏஸும் ஸ்பேடு 5-உம் வைத்து ரெய்ஸ் செய்தீர்கள், பிக் பிளைண்ட் (பெரிய கட்டாயத் தொகையைப் போட்டவர்) கால் செய்தார். ஃப்ளாப்பில் ஸ்பேடு கிங், ஸ்பேடு 9, டைமண்ட் 4. பாட் 60. அவர் செக் செய்கிறார், அதாவது எதுவும் போடாமல் விடுகிறார். கையில் கிங் இருந்தால் மட்டும் பெட் செய்பவர் (பந்தயம் போடுபவர்) இங்கே செக் செய்துவிடுவார். நீங்கள் 30 பெட் செய்து பாருங்கள். 60-ஐ வெல்ல 30 போடுகிறீர்கள். மூன்றில் ஒரு முறைக்கு மேல் அவர் ஃபோல்ட் செய்தாலே அந்த பெட் லாபம்தான். கால் செய்தாலும் மோசமில்லை: 9 ஸ்பேடுகள் மீதி இருக்கின்றன, ரிவருக்குள் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) அமைய ஏறக்குறைய 35% வாய்ப்பு. அதே ஃப்ளாப்பில் உங்கள் கையில் கிங் இருக்கும்போதும் 30-தான் போட வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு என்றால் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

படி 5: கொஞ்ச நாள் ஆடிவிட்டு, புதிய கைகளுடன் அதே ஆளிடம் அதே சோதனையை வையுங்கள். யாரை எதிர்த்து ஆடினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எதற்கும் ஃபோல்ட் செய்யாத ஆளிடம் பிளஃப் (நல்ல சீட்டு இருப்பதுபோல் போட்டு மிரட்டுவது) எடுபடாது. அவரிடம் நல்ல கை வரும்வரை காத்திருந்து, வந்ததும் பெரிதாகப் போடுங்கள்.