பழகிய கோழிக் கூட்டத்தில் புதுப் பெட்டையைச் சேர்ப்பது எப்படி?

நான்கைந்து கோழிகள் பழகித் திரியும் கொல்லைக்குப் புதிதாக ஒரு பெட்டையை வாங்கி வருபவர்களில் பலர், இருட்டியதும் கூட்டைத் திறந்து அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் விடிவதற்குள் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று நம்புகிறார்கள். நானும் அப்படி நம்பித்தான் முதன்முதலாக ஒரு கழுத்தறுத்தான் பெட்டையை எங்கள் சிறுவிடைக் கோழிகளோடு அடைத்தேன். காலையில் கதவைத் திறந்தபோது பழைய ஐந்தும் வழக்கம்போல் சிறகை உதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தன, புதியது வரவில்லை. கூட்டின் பின்மூலையில் சுவரோடு தலையைப் புதைத்து ஒடுங்கி நின்றிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் கொண்டை முழுவதும் உறைந்த இரத்தம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கழுத்தில் இறகில்லாத இனம் என்பதால் கொத்துகள் நேராகத் தோலில் விழுந்திருந்தன. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் இரவு அமைதியாகத்தான் கழிந்திருக்கும். விடியற்காலை வெளிச்சம் உள்ளே புகுந்ததிலிருந்து நான் எழுந்து கதவைத் திறக்கும்வரை, ஓடித் தப்ப இடமில்லாத அந்தக் கூட்டுக்குள் அது அத்தனை அடியையும் வாங்கியிருக்கிறது.

கோழிக் கூட்டத்தில் எது முதலில் தீனியில் வாய் வைக்கும், எது எந்தக் கட்டையில் உறங்கும், எது எதற்கு வழிவிடும் என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகியிருக்கும். தலைமைப் பெட்டை எதை வேண்டுமானாலும் கொத்தலாம். அடுத்தது, அந்தத் தலைமைப் பெட்டையைத் தவிர மற்றவற்றைக் கொத்தலாம். கடைசியில் நிற்பது எதன்மேலும் அலகை நீட்ட முடியாது. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பெ, சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கூர்ந்து கவனித்து, இதனைக் 'கொத்து வரிசை' என்று 1921-இல் முறையாக எழுதி வெளியிட்டார். கொல்லையில் கோழி வளர்த்த நம் வீட்டுப் பெண்களுக்கு இது எப்போதும் தெரிந்திருந்தது. கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. முன்பின் பார்த்திராத ஒரு கொண்டை திடீரென நடுவில் வந்து நின்றால், அதன் இடம் எதுவென்று தெரியும்வரை கூட்டத்துக்கு நிம்மதி இராது. ஆகவே கொத்துவதை அடியோடு நிறுத்த நம்மால் முடியாது. இரத்தம் சிந்தாமல் அந்த இடம் தீர்மானமாகும்படி செய்ய முடியும். அதற்கு, தொட விடுவதற்கு முன் போதிய நாள்கள் பார்க்க விட வேண்டும்.

முதலில் ஒதுக்கி வைத்தல்

பழக்குவதற்கு முன்னால் நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வாரச்சந்தைகளில் பல ஊர்க் கோழிகள் ஒரே கூடைக்குள் நெருக்கியடித்துக் கிடந்து வருவதால், பார்வைக்குத் துடிப்பாக இருக்கும் பெட்டையும் நோயைச் சுமந்து வரக்கூடும். இவற்றில் மிகவும் அஞ்ச வேண்டியது வெள்ளைக்கழிச்சல். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்து ஊரின் பெயரால் இராணிக்கெட் நோய் என்றும் இதனைச் சொல்வார்கள். தொற்றிய கோழியிடம் அறிகுறி வெளிப்பட 2 முதல் 15 நாள்கள் வரை ஆகலாம் என்பதால், புதுக்கோழியைக் குறைந்தது 21 நாள்கள், முடிந்தால் 30 நாள்கள், பழைய கூட்டத்தின் கண்ணிலும் மூச்சிலும் படாத தொலைவில் வைக்க வேண்டும். வீட்டின் முன்பக்கம், மாட்டுக்கொட்டகையின் மறுகோடி, மாடிப்படியின் கீழ் என எங்கு வசதியோ அங்கு வைக்கலாம்.

இந்த நாள்களில் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே புதியதிடம் போக வேண்டும். புதியதைக் கவனித்துவிட்டுக் கைகால் கழுவாமல் கூட்டுப்பக்கம் போகக் கூடாது. தண்ணீர்ச் சட்டியும் தீனித் தட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். செருப்பின் அடியில் ஒட்டிய எச்சமும் நோயைக் கடத்தும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

வந்த அன்றே கோழியை மடியில் வைத்து நிதானமாகப் பாருங்கள். எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறக்கையின் அடியிலும் இறகை விலக்கினால் பேன் ஓடுவதும் இறகின் அடித்தண்டில் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருப்பதும் தெரியும். பேன் மருந்தை ஒருமுறை போட்டதோடு விட்டுவிட்டால், ஒட்டியிருந்த முட்டைகள் பொரித்து மீண்டும் பெருகிவிடும். 7 முதல் 10 நாள்கள் கழித்து இரண்டாம் முறையும் போட வேண்டும். மூக்கில் நீர், கண்ணோரத்தில் நுரை, மூச்சில் கரகரப்பு ஆகியவை இருந்தால் அந்தக் கோழி குணமான பிறகும் அதைச் சேர்ப்பதற்குத் தயங்குங்கள். சளி நோயிலிருந்து தேறிய கோழி, வெளியே ஒன்றும் தெரியாமலேயே நெடுநாள் பிறவற்றுக்கு நோயைப் பரப்பக்கூடும். கால்களில் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருப்பது கால்செள்ளின் அடையாளம்.

தடுப்பூசி போட்டதா என்று விற்றவருக்கே தெரியாத நிலை சகஜம். புதியது ஒரு வாரம் இளைப்பாறி நன்றாகத் தின்னத் தொடங்கிய பிறகு, எட்டு வாரம் கடந்த கோழிக்குரிய வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளலாம். உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகுமாதலால், அதுவும் இந்த ஒதுக்கி வைக்கும் காலத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் இதற்கெனத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. பழைய கோழிகளுக்கு அங்கே போட்டு வைத்திருப்பது இரட்டைப் பாதுகாப்பு.

பஞ்சாரத்துக்குள் பத்து நாள்

ஒதுக்கி வைத்த காலம் நலமாக முடிந்தபின் பழக்கும் வேலை தொடங்குகிறது. கம்பிவலைத் தடுப்பு அடித்துக்கொள்ள வசதியுள்ளவர்கள் அப்படியே செய்யலாம். என் அனுபவத்தில் இதற்கு நம் பஞ்சாரத்தைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. மூங்கிலில் இடைவெளி விட்டு முடைந்த அந்தக் கூடையைக் கவிழ்த்தால், உள்ளே இருப்பது வெளியே உள்ளவற்றையும் வெளியே இருப்பவை உள்ளே உள்ளதையும் நாள் முழுவதும் பார்க்கலாம், குரல் கேட்கலாம். கொத்தினாலும் அலகு உள்ளே ஆழமாகப் பாயாது. வேண்டிய இடத்துக்குத் தூக்கி மாற்றவும் எளிது.

பழைய கோழிகள் மேயும் இடத்தில், நாள் முழுவதும் நிழல் நிற்கும் மரத்தடியில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். உள்ளே கனமான மண்சட்டியில் தண்ணீரும் சிறிய தட்டில் தீனியும் இருக்கட்டும். கோடையில் உச்சிவெயில் நேரத்தில் அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். கத்திரி வெயில் நாள்களில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. நாய் நடமாட்டம் உள்ள கொல்லையில் ஆள் பார்வையில்லாமல் விட்டுவிட வேண்டாம். மாலையில் புதியதை எடுத்துத் தனிப்பெட்டியில் வைத்து, பெட்டியைப் பழைய கூட்டின் அருகிலேயே வைத்துவிட்டால், இரவிலும் ஒன்றின் ஓசை மற்றொன்றுக்குப் பழகும்.

இரண்டாம் முறை நான் இப்படிச் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் எங்கள் தலைமைப் பெட்டையான கருப்பி, கழுத்து இறகைக் குடைபோல் விரித்துக்கொண்டு பஞ்சாரத்தைச் சுற்றிச்சுற்றி வந்து, மூங்கில் இடுக்கில் அலகை நுழைத்துக் கொத்தப் பார்த்தது. புதியது நடுவில் குறுகி உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நாள் கருப்பி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கிளறப் போய்விட்டது. அதன்பிறகு நான் பஞ்சாரத்தின் விளிம்பையொட்டி வெளியேயும் உள்ளேயும் ஒரு கைப்பிடி கம்பை நேருக்கு நேராகத் தூவத் தொடங்கினேன். எட்டாம் நாள் காலை, மூங்கிலுக்கு இந்தப் பக்கம் கருப்பியும் அந்தப் பக்கம் புதியதுமாக, இரண்டு அலகுகளுக்கும் இடையே நான்கு விரற்கடைகூட இல்லாத நெருக்கத்தில், ஒன்றையொன்று நிமிர்ந்து பாராமல் கம்பைப் பொறுக்கித் தின்றன. நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது இந்தக் காட்சியைத்தான். சில கூட்டங்களில் இது ஐந்து நாளில் வரும், சிலவற்றில் பதினைந்து நாள் ஆகும். நாள்கணக்கைவிட இந்த அடையாளத்தையே நம்புங்கள்.

திறந்துவிடும் நாள்

திறந்துவிடுவதற்கு ஏற்ற வேளை மாலை. அடைவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது எல்லாக் கோழிகளும் திறந்தவெளியில் மேய்ந்துகொண்டிருக்கையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிடுங்கள். கீரைத்தண்டோ, குப்பைமேட்டைக் கிளறிவிட்ட மண்ணோ ஏதாவது ஒன்று அவற்றின் கவனத்தை ஈர்க்கட்டும். நீங்கள் அருகிலேயே இருங்கள், குறுக்கே போகாதீர்கள். விரட்டல் இருக்கும், தலையில் இரண்டு கொத்து விழும், புதியது ஓடும். ஓடியதை மற்றது விட்டுவிட்டால் வழக்கு அங்கேயே தீர்ந்தது. புதியது பதுங்குவதற்குச் சாய்த்து வைத்த பலகை, விறகுக்குவியல், கவிழ்த்த கூடை ஆகியவை இரண்டு மூன்று இடங்களில் இருக்க வேண்டும். ஆனால் முட்டுச்சந்து போன்ற மூலை எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வழியாக நுழைந்து மறுவழியாக வெளியேறக்கூடிய மறைவுதான் மறைவு.

தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டிரண்டாக, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி வைக்கப்பட வேண்டும். இதனை நான் மிகவும் வலியுறுத்துவேன். ஏனெனில் புதுக்கோழி கொத்துப்பட்டு இறப்பதைவிடத் தீனியருகே விடப்படாமல் மெலிந்து நலிவதே அதிகம். முதல் இரண்டு வாரம், அடைந்த பிறகு அதன் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து உருண்டு இருந்தால் அது வயிறாரத் தின்றிருக்கிறது. தொங்கிக் காலியாக இருந்தால் அதற்குத் தனியாகத் தீனி கொடுத்துவிட்டு அடையுங்கள்.

அன்றிரவு, மற்றவை கட்டையில் ஏறி அமைதியானதும், புதியதையும் எடுத்துக் கட்டையின் ஓரத்தில் உட்கார வைக்கலாம். முன்பு நான் செய்த இரவுவேலையேதான் இதுவும். இடையில் பழகிய பத்து நாள் இருப்பதால் இப்போது பலன் வேறு. ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை கட்டையில் இடம் வேண்டும். மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து கூட்டைத் திறந்துவிடுங்கள்; முதல் ஒரு வாரம் இந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

சேவல் இருக்கும் கூட்டத்தில் பொதுவாக வேலை எளிதாகிறது. தீனி கண்ட சேவல் 'கொக் கொக்' என்று தாழ்ந்த குரலில் பெட்டைகளைக் கூப்பிடும்போது புதியதையும் சேர்த்தே கூப்பிடும்.

எப்போது குறுக்கிட வேண்டும்

கொத்து, விரட்டு, முறைப்பு ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் தெரிந்தால் அந்த நொடியே பிரித்துவிடுங்கள். சிவப்பு கோழிகளைக் கவர்ந்திழுக்கும் நிறம். ஒரு கோழி தொடங்கிய காயத்தை மற்றவையும் வந்து கொத்திப் பெரிதாக்கிவிடும். காயத்தைச் சுத்தமான உப்புநீரால் கழுவி, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவி, ஆறி நிறம் மாறும்வரை மீண்டும் பஞ்சாரத்துக்குள்ளேயே வையுங்கள். கூட்டத்தின் கண்பார்வையிலிருந்து அகற்ற வேண்டாம்.

ஒரே ஒரு பெட்டை மட்டும் விடாமல் துரத்திக்கொண்டிருந்தால், அடிபடுவதைப் பிரிக்காமல் அடிப்பதைப் பிரித்து நான்கைந்து நாள் வேறிடத்தில் அடையுங்கள். அது இல்லாத இடைவெளியில் புதியது மற்றவற்றோடு தனக்கொரு இடத்தைத் தேடிக்கொள்ளும்.

வாங்கும்போதே சில தொல்லைகளைத் தவிர்க்கலாம். இயன்றால் ஒற்றைப் பெட்டையை வாங்காமல், சேர்ந்து வளர்ந்த இரண்டாக வாங்குங்கள். அடி பங்கிடப்படும், ஒன்றுக்கொன்று துணையும் இருக்கும். பெருவிடைக் கூட்டத்துக்குள் ஒற்றைச் சிறுவிடையை விடுவது போன்ற பெரிய உருவ வேறுபாடு வேண்டாம். முட்டையிடத் தொடங்காத விடைக்கோழி என்றால், முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகையால் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே கொடுத்துவிட்டு, முட்டையிடுபவை வேண்டும்போது கொத்திக்கொள்ளக் கிளிஞ்சல் தூளைத் தனித்தட்டில் வைக்கலாம்.

புதுப் பெட்டை முதல் இரண்டு முதல் நான்கு வாரம் முட்டையிடாமல் இருப்பதும், பழையவற்றில் ஒன்றிரண்டு முட்டையைக் குறைப்பதும் இயல்பு. அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று விற்றுவிடாதீர்கள். நோய்வாய்ப்பட்டு இரண்டு மூன்று வாரம் தனியே இருந்த உங்கள் சொந்தக் கோழிக்கும் திரும்பி வரும்போது இதே வரவேற்புத்தான் கிடைக்கும். அதனால், தொற்றுநோய் இல்லையென்றால், காயம்பட்ட கோழியைத் திண்ணையில் மறைத்து வைக்காமல் கூட்டம் மேயும் மரத்தடியிலேயே பஞ்சாரத்தால் மூடி வையுங்கள்.