ஒரு கோள் கிடைத்ததும் நிறுத்தாதீர்கள்

வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்களைத் தேட சென்னையில் தொலைநோக்கி வாங்கத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம், மற்ற மாதங்களில் தெருவிளக்கு வெளிச்சம், மொட்டைமாடியில் நின்று எண்ணினால் இருபது நட்சத்திரம் தேறுவதே கஷ்டம். ஆனால் நாசாவின் டெஸ் விண்கலம் 2018இலிருந்து அளந்துவரும் நட்சத்திரங்களின் ஒளியளவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோள் ஒன்று நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கும்போது அதன் ஒளி கொஞ்சம் குறையும், வரைபடத்தில் அது ஒரு பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளங்களைத்தான் தேடப்போகிறோம். ஒரு லேப்டாப், பிரவுசரிலேயே பைத்தான் நிரல் ஓட்டும் கூகுள் கோலாப், பைத்தானில் லைட்கர்வ் என்ற தொகுப்பு, இவ்வளவு போதும்.

பழகுவதற்கு டிஓஐ-270 நல்ல நட்சத்திரம். சுமார் 73 ஒளியாண்டு தொலைவில் உள்ள சிவப்புக் குள்ளன், அதாவது சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த நட்சத்திரம், 2019இல் மூன்று கோள்கள் அறிவிக்கப்பட்டன. விடை தெரிந்த கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் எங்கே தவறுகிறோம் என்று தெரியும்.

இரண்டு நிமிட இடைவெளித் தரவை இறக்கியதும் நட்சத்திரத்தின் சொந்த ஏற்ற இறக்கத்தை ஃபிளாட்டன் கட்டளையால் சமன் செய்ய வேண்டும். இங்கேதான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். அதன் ஜன்னல் அளவு, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை புள்ளிகளைச் சேர்த்துச் சமன் செய்கிறது என்பது, நாம் எதுவும் சொல்லாவிட்டால், 101 புள்ளிகள், அதாவது சுமார் மூன்றரை மணி நேரம். இந்தக் கோள்கள் நட்சத்திரத்தைக் கடக்கவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், சமன் செய்கிறேன் பேர்வழி என்று கோளின் பள்ளத்தையே பாதி நிரப்பிவிடும். 900 புள்ளிக்கு மேல் வையுங்கள்.

அப்புறம் பிஎல்எஸ் தேடல். பெட்டி வடிவப் பள்ளம் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அது பார்க்கும். அது தரும் வரைபடத்தில் 5.66 நாளில் உயரமாக ஒரு முகடு எழும். பலர் இதோடு எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். அந்தக் கோளின் எல்லாப் பள்ளங்களையும், கடக்கும் நேரத்தைவிட ஒன்றரை மடங்கு அகலமாக, மறைத்துவிட்டுத் திரும்பத் தேடுங்கள். குறுகலாக மறைத்தால் ஓரங்கள் மிச்சமிருந்து அதே 5.66 மறுபடி வந்து நிற்கும். சரியாக மறைத்தால் 11.38 நாள் தெரியும். இது 5.66இன் இரு மடங்குதானே என்று தள்ளிவிடத் தோன்றும். இரு மடங்கு 11.32. அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தில்தான் இன்னொரு கோள் இருக்கிறது. அதையும் மறைத்தால் 3.36 நாளில் மூன்றாவது, ஆழம் 0.1 சதவீதத்துக்கும் கீழே.

நம்புவதற்கு முன் சந்தேகப்படுங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படைப் பள்ளங்களின் ஆழம் வேறுபட்டால் அது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரமாக இருக்கலாம். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) அகலம், பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியும் அதற்குள் விழும், பள்ளம் அதனுடையதாகவும் இருக்கலாம். எனக்குப் பிடித்த சோதனை வேறு: ஒரே நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்கள் என்றால், சுற்றுக்காலம் இரு மடங்கானால் கடக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காக வேண்டும். ரொம்ப விலகினால் எங்கோ கோளாறு. 1855இல் நம்ம ஊர் மதராஸ் வானாய்வகத்திலிருந்து கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தில் கோள் இருக்கக்கூடும் என்று அறிவித்தார். அது நிலைக்கவில்லை. அவரிடம் திரும்ப அளந்து பார்க்க இவ்வளவு தரவு இல்லை, நம்மிடம் இருக்கிறது.

அளவு கண்டுபிடிப்பது எளிது. 5.66 நாள் கோளின் பள்ளம் சுமார் 0.33 சதவீதம், அதாவது 0.0033. அதன் வர்க்கமூலம் 0.057, கோளின் ஆரம் நட்சத்திரத்தின் ஆரத்தில் இவ்வளவு பங்கு. நட்சத்திரத்தின் ஆரம் சூரியனில் 0.38 பங்கு, சூரியனின் ஆரம் பூமியைப் போல 109 மடங்கு. பெருக்கினால் கோளின் ஆரம் பூமியைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு.

எடை மட்டும் பள்ளத்தில் தெரியாது. அதற்கு நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தை நிறமாலையில் அளக்க வேண்டும், அல்லது கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் பள்ளங்கள் முன்பின்னாக வருவதைக் கணக்கிட வேண்டும். 2010இல் கெப்ளர்-9 என்ற நட்சத்திரத்தின் இரு கோள்களை உறுதி செய்ய உதவியது இந்த நேர விலகல்தான். டிஓஐ-270இல், சிலியிலிருந்து அளந்த எடைகளை வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் 3.36 நாள் கோள் பூமிபோலப் பாறை, 5.66 நாள் கோளின் அடர்த்தியோ பூமியில் பாதிகூட இல்லை. ஒரே நட்சத்திரம், பக்கத்துப் பக்கத்துப் பாதைகள், இப்படி இரண்டு விதம். முதல் முகட்டோடு எழுந்துபோயிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.