போங்காட்டம் ஆடாமல் கபடி: பி.இ.டி. பீரியடில் நேர்மை பழக்க

காலைக் கூட்டத்தில் நேர்மையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், சாயங்காலம் மைதானத்தில் "தொடவே இல்ல சார்" என்ற குரல் கேட்கத்தான் செய்யும். உண்மையைச் சொன்னால் பாயிண்ட் போகும் என்கிற இடத்தில் வைத்துத்தான் அதைப் பழக்க முடியும். கபடி அதற்குத் தோதானது. விரல் நுனி பட்டதா என்பது பல நேரம் பட்டவனுக்கு மட்டுமே தெரியும். கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பொங்கல் கபடி பார்த்து வளர்ந்தவர்கள், ஆட்டத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவர் விசில் ஊதாதவரை அவுட் இல்லை என்பதையும் அங்கேயே கற்றுக்கொண்டு வருவார்கள்.

6 முதல் 8ஆம் வகுப்புக்கு 11க்கு 8 மீட்டர் களம், பக்கத்துக்கு 7 பேர், ரெய்டு (ஒருவன் எதிரணிப் பக்கம் பாடிப்போய்த் தொட்டு வருவது) 30 விநாடி. கோடு போடச் சுண்ணாம்புத்தூள் வேண்டாம், கண்ணில் விழுந்தால் புண்ணாகிவிடும், கோலமாவு போதும். நகம் வெட்டாதவனை இறக்காதீர்கள். இரண்டு கேப்டன்கள் ஆள் பொறுக்குவதும் வேண்டாம், கடைசியில் மிஞ்சுபவன் கூனிக்குறுகிப் போவான். சீட்டுக் குலுக்குங்கள். முதல் மாதம் போனஸ் (எதிரணிப் பக்கத்துப் போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் பாயிண்ட்), லாபி (களத்தின் இரு ஓரப் பட்டைகள்) இரண்டையும் நிறுத்திவிடலாம். கோட்டுத் தகராறு வந்தால் நடுவர் இல்லாமல் தீராது.

விதி ஒன்றுதான்: பட்டவன் தானே கை தூக்கி வெளியே போகணும். 'கபடி கபடி' பாட்டு விட்டுப்போனால், பாடிப்போன ரெய்டரும் அப்படியே.

உண்மைக்கான விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முதல் இரண்டு வாரம் எதிரணிக்குப் பாயிண்ட் உண்டு, ஆனால் கை தூக்கியவன் ஒரே ஒரு ரெய்டு உட்கார்ந்தால் போதும். மூன்றாம் வாரத்திலிருந்து வழக்கமான விதி: தன் அணி ஒருத்தனை அவுட்டாக்கினால்தான் உள்ளே வரலாம். ஐந்தாம் வாரம் பக்கத்து செக்ஷனோடு மேட்ச். அன்றைக்குக் கைகள் குறையும், அது சகஜம். திட்டாமல் ஒரு வாரம் செக்ஷனுக்குள்ளேயே ஆடவிட்டு, மறுபடி மேட்ச் வையுங்கள். (வாரம் 2 பீரியடு என்ற கணக்கு இது. பரீட்சை நேரத்தில் கணக்கு வாத்தியார் ஒன்றை வாங்கிக்கொண்டால் அதற்கேற்ப நீளும்.)

கை தூக்கினால் கூடுதல் பாயிண்ட் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். படாதவனும் தூக்க ஆரம்பிப்பான், பிறகு அது நேர்மை இல்லை, வியாபாரம். தகராறு வந்தால் சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் 10 விநாடி பேசட்டும். தீராவிட்டால் அதே ரெய்டு மறுபடி. கத்துபவர்கள் பெரும்பாலும் சும்மா நிற்பவர்கள்தான்.

உண்மையான சிக்கல் தண்ணீர்க் குழாயடியில் நடக்கும். "ஏன்டா கை தூக்குன, யாரு பார்த்தா?" என்று சொந்த அணியே பிடித்துக்கொள்ளும். இதைக் கவனிக்காமல் விட்டால் மொத்தமும் வீண். அப்படிக் கேட்டவனை அடுத்த ஆட்டத்தில் கோட்டோரம் உட்காரவைத்து ஸ்கோர் எழுதச் சொல்லுங்கள். தண்டனை என்று சொல்ல வேண்டாம். எத்தனை டச் யார் கண்ணுக்கும் படாமல் போகிறது என்று அவனே எண்ணுவான்.

கடைசி 5 நிமிஷம் வட்டமாக உட்காரவைத்து, "இன்னைக்கு யாருக்குக் கை தூக்கக் கஷ்டமா இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். யாரும் பேசாவிட்டால் விட்டுவிடலாம். இதற்கு மார்க் போடாதீர்கள். நீங்கள் ஊதிய விசில் தப்பு என்று தெரிந்தால், அந்தப் பாயிண்டை அங்கேயே, எல்லார் முன்னாலும், மாற்றிக் கொடுங்கள்.