கல்லூரியில் உலகப் பொருளாதாரக் கருத்தரங்கு: தலைப்பு முதல் சான்றிதழ் வரை

அழைப்பிதழில் ‘உலக அரசியல், பொருளாதாரச் சவால்கள்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால், பருவநிலை, போர், கிரிப்டோ என்று ஆளுக்கொரு திசையில் கட்டுரை வரும். ஒருவர் பேசியதைப் பற்றி அடுத்தவருக்குக் கேட்க எதுவும் இருக்காது. அதனால் தலைப்பை ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்.

நெல்லைச் சீமையில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. 2023 நவம்பரில் செங்கடலில் ஏமன் நாட்டு ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின், பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. ஐரோப்பியப் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. தூத்துக்குடியில் சரக்கு ஏற்றியவர்களில் அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது? இன்னொன்று கூடங்குளம் அணுமின் நிலையம். 1988-இல் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம். 1991-இல் அந்த நாடே கலைந்தது. முதல் உலையின் மின்சாரம் 2013-இல்தான் மின்கட்டமைப்பில் சேர்ந்தது. வல்லரசு ஒன்று உடைந்தால் அதை நம்பிய திட்டம் என்னவாகும் என்று ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

தேதிக்கு ஆகஸ்டு கடைசியோ பிப்ரவரியோ நல்லது. நவம்பர், டிசம்பரில் பருவத் தேர்வும் மழையும் சேர்ந்து வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தை இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு வாரம் முன்பே அறிவித்து, 250 சொல்லில் சுருக்கம் கேளுங்கள். தமிழ்க் கட்டுரை யூனிகோடில்தான் வர வேண்டும் என்று அறிவிப்பிலேயே போடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்பது ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். தொகுப்பு நூல் அச்சுக்குப் போகும் வாரத்தில் இது பெரிய தலைவலி. புள்ளிவிவரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் மூலமும் கட்டாயம். பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) உலகப் பொருளாதார அறிக்கை ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். பழைய கணிப்பை இன்றைய நிலவரமாகக் காட்டுவது அடிக்கடி நடக்கிற பிழை.

பேராசிரியரோடு, தூத்துக்குடியில் ஏற்றுமதி ஆவணம் பார்க்கும் சுங்க முகவர் ஒருவரையும் கூப்பிடுங்கள். கப்பல் வாடகை ஏறியதை அவர் பில்லோடு காட்டுவார். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பன்னிரண்டு கட்டுரைக்கு மேல் ஏற்காதீர்கள். 10 மணிக்குத் தொடக்கம், 10.40-க்குச் சிறப்புரை, 11.30-க்குத் தேநீர், 11.45 முதல் 1.15 வரை ஆறு கட்டுரை. சாப்பாட்டுக்குப் பின் 2 முதல் 3.30 வரை மீதி ஆறு. பேச்சு பத்து நிமிடம், கேள்வி ஐந்து. நாளைக் கெடுப்பது பெரும்பாலும் பொன்னாடைதான்: மேடையில் எட்டுப் பேர் என்றால் வரவேற்பே ஒரு மணி நேரம் தின்னும், கடைசியில் வெட்டுப்படுவது மாணவரின் கேள்வி. மேடைக்கு நான்கு பேர் போதும். அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர் பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும். 4 மணிக்கு முடித்துவிடுங்கள்.

கூச்சப்படுபவர்கள் எழுதித் தர நாற்காலிதோறும் துண்டுச் சீட்டு வையுங்கள், தமிழிலும் எழுதலாம் என்று சொல்லுங்கள். சான்றிதழில் பெயரையும் இனிஷியலையும் பதிவு மேசையிலேயே அவரவரிடம் காட்டிச் சரிபார்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அச்சிடுங்கள்.